பேனரில் முளைத்த பல்

வெடித்தது பலூன்தான். ஆனால் அதைப் பலூன் என்று கண்டுகொள்ளும் காது செந்தூர்பாண்டிக்கு இல்லை. எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் அவர் இருபத்திரண்டு வருஷமாகப் போர்மேன். மாதா மாதம் முதல் திங்கட்கிழமை ஆட்களை வேப்பமரத்தடியில் நிறுத்தி அவர் எடுக்கும் பாடம் ஒன்றே ஒன்றுதான்: "சத்தம் கேட்டா யோசிக்காதீக. பக்கத்துல இருக்கிற ஆளைத் தள்ளு, நீயும் குப்புறப் படு. யோசிக்கிறதைப் படுத்துக்கிட்டு யோசிக்கலாம்."

சொல்லிக் கொடுத்தாரே தவிர, செய்துகாட்ட ஒரு சந்தர்ப்பமும் வாய்க்கவில்லை. அவர் பொறுப்பில் இருந்த அறைகளில் ஒரு பொறிகூடப் பறந்தது கிடையாது. இருபத்திரண்டு வருஷப் பயிற்சியும் ஒரு சேதாரமில்லாமல் உடம்புக்குள்ளேயே சேர்ந்து கிடந்தது. மகள் ஹர்ஷினியின் எட்டாவது பிறந்தநாளன்று, அவள் மெழுகுவத்தியை ஊதக் குனிந்த நேரம் பார்த்து, தலைக்கு மேலே கட்டியிருந்த மஞ்சள் பலூன் ஒன்று "பட்" என்றது.

செந்தூர்பாண்டி யோசிக்கவில்லை. தள்ளினார்.

பிள்ளையின் வாய் மேசை விளிம்பில் மோதியது. மேசை சாய்ந்தது. இளஞ்சிவப்பு ரோஜா வைத்த கேக் தரைக்குப் போனது. அதன்மேல் செந்தூர்பாண்டி நெடுஞ்சாண்கிடையாகப் படுத்து, இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு, "யாரும் எந்திரிக்காதீக!" என்று கத்தினார். வேறு யாரும் படுத்திருக்கவில்லை என்பதால் அந்த உத்தரவை எல்லாரும் நின்றபடியே கடைப்பிடித்தார்கள்.

மேல்வரிசை முன்பல் உடையவில்லை. லேசாக ஆடியது, ரத்தம் வந்தது, நின்றது. மூன்றாவது வாரம் பல் சாம்பல் நிறமாக மாறத் தொடங்கியது. மத்தாப்பு மருந்தில் சேர்க்கிற அலுமினியத் தூளின் நிறம். அந்த நிறத்தைத் தினமும் ஆலையில் பார்த்தே பழகிய மனுஷன், மகள் வாயில் பார்த்தபோது சோற்றுத்தட்டைத் தள்ளிவைத்தார்.

அதிலிருந்து ஹர்ஷினி இடது உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டே நடமாடினாள். சிரிப்பதாக இருந்தால் கைக்குப் பின்னால் சிரித்தாள். "அப்பா மேல கோவமா தாயி?" என்று கேட்டால் கைக்கு மேலே இரண்டு கண்கள் அவரைப் பார்க்கும். பதில் வராது. கேட்டுக் கேட்டுச் செந்தூர்பாண்டிக்கு அந்தக் கை ஒரு பூட்டு மாதிரி ஆகிவிட்டது.

"விடுங்க, கண்ணு பட்டுருச்சு" என்றாள் யோகேஸ்வரி, அவர் மனைவி. ஆலையில் மேனேஜர், "நேரம் சரியில்லப்பா" என்றார். கண்ணின் மேல் போட்டார்கள், நேரத்தின் மேல் போட்டார்கள், பலூன் கம்பெனியின் மேல்கூடப் போட்டார்கள். நீதானேய்யா தள்ளினாய் என்று முகத்துக்கு நேரே சொல்ல ஊரில் ஒரு ஆள் இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

யோகேஸ்வரிக்குச் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் வேலை. ஒருநாள் அங்கே வீணான தாள் ஒன்றைப் பாடப்புத்தகத்துக்கு அட்டை போடக் கொண்டுவந்தாள். அதில் அப்பா, அம்மா, பிள்ளை, நாய் நான்கு பேரும் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கீழே: "பழுதான பல்லா? கவலை வேண்டாம்! குருத்தணு (ஸ்டெம் செல்) இருக்கிறது! உங்கள் பிள்ளையின் பால்பல்லே மருந்து! தென்மண்டலப் பல்திசு மீளுருவாக்க உயர்நிலை மையம், விருதுநகர்."

அச்சடித்ததை நம்பக்கூடாது என்பது சிவகாசியில் கைக்குழந்தைக்கும் தெரியும். எல்லாவற்றையும் அச்சடித்து அனுப்புவதே நாம்தானே. ஆனாலும் செந்தூர்பாண்டி நம்பினார். அந்த நாய்கூட அவ்வளவு வெள்ளையாகச் சிரித்தது.

மையம் மூன்று மாடிக் கட்டடம். வாசலில் அடிக்கல் நாட்டிய கல்வெட்டு, தரைத்தளம் திறந்த கல்வெட்டு, முதல் மாடி திறந்த கல்வெட்டு, குடிநீர்க் குழாய் திறந்த கல்வெட்டு. லிஃப்டு திறப்பு விழாவுக்கும் ஒரு கல்வெட்டு இருந்தது. லிஃப்டு இல்லை. செந்தூர்பாண்டி மகளைக் கூட்டிக்கொண்டு படியேறினார்.

ஒருங்கிணைப்பாளர் விக்னேஷ்குமார் பதினான்கு பக்கப் படிவத்தை விரித்தார். தலைமுடியைப் படிய வாரிய, நல்ல மாதிரியான இளைஞர்.

"பாதிப்புக்குக் காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல என்ன அண்ணாச்சி எழுதிருக்கீக?"

"தகப்பன்."

"அப்படியெல்லாம் எழுதினா கம்ப்யூட்டர் ஏத்துக்கிடாது. வாகன விபத்து, இயற்கைச் சீற்றம், இன்ன பிற. மூணுல ஒண்ணு சொல்லுங்க."

"அப்ப இன்ன பிறன்னு போட்டு, பக்கத்துல தகப்பன்னு எழுதுங்க தம்பி."

"இன்ன பிறன்னு போட்டா மூணு மேலதிகாரி விளக்கம் கேப்பாக. இயற்கைச் சீற்றம்னு போட்டுருதேன். அதுக்கு யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாக."

அன்றிலிருந்து அரசாங்க முத்திரையோடு செந்தூர்பாண்டி ஓர் இயற்கைச் சீற்றம்.

"அடுத்து, சேதமான பல்லோட முன்னோடிப் பல்லை ஒப்படைக்கணும்."

"முன்னோடின்னா?"

"அதே எடத்துல இதுக்கு முன்னாடி இருந்த பால்பல்."

"அது ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே விழுந்துருச்சே. சாணியில உருட்டிக் கூரையில எறிஞ்சாச்சு. எல்லாரும் செய்யறதுதானே."

விக்னேஷ்குமார் பேனாவை எடுத்தார். "எந்தக் கூரை? கூரையோட சர்வே நம்பர் தெரியுமா?"

ஹர்ஷினிக்குப் பக்கத்துப் பால்பல் ஒன்று இப்போதும் வாயில் ஆடிக்கொண்டிருந்தது. அதைக் காட்டினார். விக்னேஷ்குமார் எட்டிப் பார்த்துவிட்டு, அது வேறு பல், அதற்கு வேறு படிவம் என்றார். சரி என்று எழுந்த செந்தூர்பாண்டி கடைசியாக ஒன்று கேட்டார்.

"முளைக்குமா, முளைக்காதா? அதை மட்டும் சொல்லிருங்க."

"அது நம்ம செக்சன் இல்லையே அண்ணாச்சி."

மூலையில் ஒரு ஸ்டூலில் நர்ஸ் ஞானஜோதி உட்கார்ந்திருந்தார். குருத்தணு வைக்கும் உறைபெட்டி எப்படி இருக்கிறது என்று மணிக்கொரு தரம் நோட்டில் எழுதுவது அவர் வேலை. மணி பதினொன்று, இயல்பு. மணி பன்னிரண்டு, இயல்பு. அவர் தலையை நிமிர்த்தி ஹர்ஷினியின் மூடிய வாயைப் பார்த்தார். ஏதோ சொல்ல வருவதுபோல் இருந்தது. விக்னேஷ்குமார் இருமினார். ஞானஜோதி குனிந்து எழுதினார்: இயல்பு.

தெருவில் எல்லார் வீடும் இப்போது மொட்டைமாடி. மொட்டைமாடியில் பல்லை எறிந்தால் சாமிக்குக் கணக்கில் வராது என்று தெருவே ஒருமனதாக நினைத்ததால், பிள்ளைகளின் பால்பல் அத்தனையும் பத்திரகாளி அக்காவின் ஆட்டுக்கொட்டகை ஓட்டின்மேல்தான் போகும். ஞாயிற்றுக்கிழமை காலை செந்தூர்பாண்டி ஏணி வைத்து அதன்மேல் ஏறினார்.

"ஏலே செந்தூரு! போர்மேன் வேலை போயிருச்சா? ஓடு மாத்த வந்துட்டே!"

"பல்லு தேடுதேன்க்கா."

"யாரு பல்லு?"

"ஹர்ஷினி பல்லு."

"அப்ப அங்கன வடக்கால பாரு. இங்கன எம் மகன் மணிகண்டராஜ் பல்லு கெடக்கும். அவனுக்கு முடிதான் போச்சு, பல்லாவது நிக்கட்டும். அதைத் தொட்டுத் தொலைச்சிராத."

ஓட்டு இடுக்குகளில் காய்ந்த சாணியோடு காய்ந்த சாணியாக முப்பது வருஷத்துத் தெருவே ஒளிந்திருந்தது. மத்தியானத்துக்குள் பன்னிரண்டு பல் சேர்ந்தது. எது ஹர்ஷினியுடையது, எது இப்போது துபாயில் இருக்கிறவனுடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பன்னிரண்டில் ஒன்று கொஞ்சம் பெரிதாக, நீளமாக, தனி ஜாடையாக இருந்தது. பத்திரகாளி அக்கா கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இது எங்க கெடா பல்லுல்ல! போன கோயில் கொடைக்கு வெட்டுனது. காக்கா தூக்கிட்டுப் போயிருக்கும்" என்றார்.

பன்னிரண்டையும் தீப்பெட்டியில் போட்டு மையத்தில் கொடுத்துவிட்டு வந்தார் செந்தூர்பாண்டி. அவர்களே பிரித்து எடுத்துக்கொள்ளட்டும், படித்தவர்கள்.

நான்காம் நாள் மையத்தின் இயக்குநர் ராஜபாண்டியனே அழைத்தார். அறைக்குள் போனதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். மேசைமேல் ஆய்வறிக்கை. பன்னிரண்டு பற்களும் உயிர்ப்புள்ளவை. பன்னிரண்டாவது பல் இதுவரை காணாத வீரியம் கொண்டது.

செந்தூர்பாண்டிக்கு மனசு கேட்கவில்லை. "ஐயா, அந்தப் பன்னெண்டாவது ஆட்டுப் பல்லு."

"பால்பல் எல்லாமே ஆட்டுன பல்லுதானய்யா! ஆட்டி ஆட்டித்தான விழும்?" இயக்குநர் வாய்விட்டுச் சிரித்தார். "நீர் ஒரு தெருவோட பல்லையே திரட்டிக் கொண்டாந்துட்டீர். மாவட்டத்தில் முதல் பால்பல் வங்கி! அடுத்த வெள்ளிக்கிழமை திறப்பு விழா. உம்ம மகள்தான் முதல் பயனாளி."

"எங்க பாப்பா பல்லு முளைக்குமாய்யா?"

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். "முளைத்தல் வேறு. முளைப்பித்தல் வேறு. முளைப்பிக்க முயலுதல் வேறு. இந்த மூன்றாவதை ஆய்வு செய்யலாமா என்று நாங்கள் இப்போது ஆய்வு செய்துகொண்டிருக்கிறோம்."

செந்தூர்பாண்டி திருத்தங்கல் ரயில்வே கேட் வரும்வரை அந்த வாக்கியத்தை மனதுக்குள் பிரித்துப் பார்த்தார். சரம் பிரிப்பதுபோல் ஒவ்வொன்றாகக் கழற்றினார். கடைசியில் வெறும் நூல்தான் கையில் மிஞ்சியது.

விழாவுக்கான பேனர் யோகேஸ்வரியின் அச்சகத்துக்கே ஆர்டராக வந்தது. ஒரு பக்கம் "முன்", ஒரு பக்கம் "பின்". முன் என்பதற்கு, கையை விலக்கச் சொல்லி மையத்தில் எடுத்த ஹர்ஷினியின் படம். பின் என்பதற்குப் படமில்லை. டிசைன் போடும் இன்பராஜ் இரண்டு தடவை கம்ப்யூட்டரில் சொடுக்கினான். அதே படத்தில் அந்தச் சாம்பல் பல் பளீரென்று வெளுத்தது. யோகேஸ்வரி அதைத் தடுத்திருக்கலாம். வீட்டுக்கு வந்து, "பாக்க அம்புட்டு அழகா இருந்துச்சுங்க. நான் ஒண்ணும் சொல்லாம வந்துட்டேன்" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

வெள்ளிக்கிழமை மேளம், வாழைமரம், நாற்காலிக்கு வெள்ளை உறை. பன்னிரண்டு பற்களும் கண்ணாடிக் குப்பிகளில், பட்டு விரித்த தட்டில் வந்தன. நடுநாயகமாகக் கெடாவின் பல். அதற்கு மட்டும் ஒரு சாமந்திப்பூ. ஹர்ஷினியை மேடையில் முதல் வரிசையில் உட்காரவைத்து, "பாப்பா, கையை எடுக்கக்கூடாது. போட்டோவுல பல்லு தெரிஞ்சிரும்" என்று விக்னேஷ்குமார் சொல்லிவிட்டுப் போனார். கைக்கு முதன்முறையாக அரசு அனுமதி கிடைத்தது.

ராஜபாண்டியன் ஒலிபெருக்கியைத் தட்டினார்.

"நம் மையம் தொடங்கி மூன்று ஆண்டுகள். இந்த மூன்று ஆண்டுகளில் ஒரு நோயாளிகூட நம்மீது புகார் சொன்னதில்லை. சிலர் கேட்கிறார்கள், இதுவரை எத்தனை பேருக்குச் சிகிச்சை அளித்தீர்கள் என்று. நான் பெருமையோடு சொல்கிறேன்: ஒருவருக்கும் இல்லை! அதனால்தான் ஒரு தவறும் நிகழவில்லை!"

கைதட்டல்.

"பக்கத்து மாநிலங்களில் அவசரப்படுகிறார்கள். நோயாளி வருகிறார், உடனே வைத்தியம். இது அறிவியலா? நாம் அப்படியல்ல. பதினேழு திறப்பு விழாக்களை முடித்துவிட்டோம். கருவிகள் வந்துவிட்டன. அவற்றைத் தொட்டால் பழுதாகும் என்பதால் யாரையும் தொட விடவில்லை. இந்தக் குழந்தையின் புன்னகையைப் பாருங்கள்!" என்று பேனரைக் காட்டினார். எல்லாரும் பேனரைப் பார்த்தார்கள். பேனருக்குக் கீழே வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தது செந்தூர்பாண்டியும், வாசல் ஓரம் நின்ற ஞானஜோதியும்தான்.

விழா முடிந்து கேசரி பரிமாறும்போது, சிகிச்சைக்கு எந்தத் தேதி என்று கேட்க செந்தூர்பாண்டி விக்னேஷ்குமாரைத் தேடிப் பிடித்தார்.

"உங்க பைலை முடிச்சாச்சு அண்ணாச்சி. சிகிச்சை நிறைவு."

"எங்கன நிறைவு? இன்னும் தொடங்கவே இல்லையே!"

"பேனர்ல 'பின்'னு படம் இருக்குல்ல. அதுல முளைச்சிருச்சே."

"படத்துல முளைச்சிருக்கு. அவ வாயில முளைக்கலையே தம்பி!"

"அது வாய் அண்ணாச்சி." விக்னேஷ்குமார் பொறுமையாகச் சொன்னார். "பைல்ல படத்தைத்தான் வைக்க முடியும். வாயை எப்படி வைக்க? மறுபடியும் சேரணும்னா, முளைச்ச பல்லு திரும்பப் பழுதாயிருச்சுன்னு சான்று வேணும். அதுக்கு இன்னொரு இயற்கைச் சீற்றம் நடந்திருக்கணும்."

செந்தூர்பாண்டிக்கு ஒரு கணம் கை துறுதுறுத்தது. இந்தத் தடவை தள்ள வேண்டிய ஆள் எதிரிலேயே இருந்தார். ஆனால் சத்தம் எதுவும் கேட்கவில்லையே. அவர் பாடம் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"அண்ணாச்சி, இங்கன ஒரு நிமிஷம் வாங்க. பாப்பாவையும் கூட்டியாங்க."

ஞானஜோதி கூப்பிட்டார். இரண்டாம் மாடியில், 'குருத்தணு உறைநிலைக் கூடம்' என்று எழுதிய அறையைத் திறந்தார். உள்ளே ஆளுயர மரப்பெட்டி ஒன்று, மேலே ஆணியடித்து, சுற்றிலும் சிவப்பு ரிப்பன் கட்டியபடி நின்றது. வேறொன்றும் இல்லை.

"இதுக்குள்ளதான் மெஷின் இருக்கு. வந்து ரெண்டு வருஷமாச்சு. பெட்டி பிரிப்பு விழாவுக்குத் தேதி கெடைக்கல."

"அப்ப நீங்க மணிக்கொரு தரம் எழுதுறது?"

"பெட்டி இயல்பாத்தான இருக்கு."

செந்தூர்பாண்டி ரிப்பனைப் பார்த்தார். பிறகு, இத்தனை நாள் எல்லாரிடமும் கேட்ட அதே கேள்வியை, பழக்கத்தில், பதிலை எதிர்பார்க்காமலே கேட்டார்.

"சிஸ்டர், முளைக்குமா, முளைக்காதா?"

"முளைக்காது."

அவருக்கு அது ஒரு வார்த்தை என்று புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. வெயிலில் அலைந்தவனுக்குச் செம்புத் தண்ணீர் கொடுத்தமாதிரி இருந்தது.

"பொய்யான வித்தை இல்ல அண்ணாச்சி. பால்பல்லுக்குள்ள இருக்கிற சதையில இருந்து குருத்தணு எடுத்து, அடிபட்ட பல்லுக்குள்ள வச்சு, அங்கன திரும்ப உசுர் வர வச்சிருக்காக. வெளிநாட்டுல, ஆராய்ச்சியா, சில புள்ளைகளுக்கு. ஆனா அதுக்கு அவ வாயில இருந்து அப்பத்தான் எடுத்த, உசுருள்ள பல்லு வேணும். கூரையில காஞ்சு கெடந்ததுல ஒண்ணும் கெடையாது. இங்க செய்ய ஆளும் இல்ல, வைக்க எடமும் இல்ல. இதுக்குன்னு காத்திருந்தீகன்னா உள்ள சீழ் பிடிச்சு இருக்கிற பல்லும் போயிரும்."

"அப்ப என்ன செய்ய?"

"இந்த வயசுப் பல்லுக்கு வேர் நுனி இன்னும் மூடியிருக்காது. உள்ள சுத்தம் பண்ணி, மருந்து வச்சு அடைச்சாப் பல்லு நிக்கும். நிறம் இப்படித்தான் இருக்கும். பெரியவளானதும் மேல வெள்ளை பூசிக்கிடலாம். பஜார்ல ஆஷ்லின்னு ஒரு பல் டாக்டரம்மா இருக்காக. நாளைக்குன்னு வைக்காதீக, இப்பமே போங்க."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சிஸ்டர்."

ஞானஜோதி ரிப்பன் முனையை விரலில் சுற்றினார். "நீங்க நாற்காலியில இருக்கிறவகளையே கேட்டீக. ஸ்டூல்ல இருக்கிற என்னைக் கேக்கல. ஆனா, கேக்காட்டியும் நான் சொல்லியிருக்கணும். இயல்பு, இயல்புன்னு எழுதி எழுதி எனக்கும் கை பழகிப்போச்சு."

ஆஷ்லின் டாக்டரிடம் ஒரு கல்வெட்டும் இல்லை. ஒரு நாற்காலி, ஒரு விளக்கு, ஒரு மின்விசிறி. "எப்படிப்பா அடிபட்டுச்சு?" என்று கேட்டார். "நான் தள்ளிட்டேம்மா" என்றார் செந்தூர்பாண்டி. டாக்டர் அதை அப்படியே சீட்டில் எழுதிக்கொண்டார். கம்ப்யூட்டர் ஒன்றும் குறுக்கே வரவில்லை. முக்கால் மணி நேரத்தில் முதல் வேலை முடிந்தது. இன்னும் மூன்று தடவை வரவேண்டும்.

வெளியே வந்ததும் ஹர்ஷினி வழக்கம்போல் இடது கையைத் தூக்கினாள். ஊசி போட்டதில் மரத்துப்போன உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். அது தன்னுடைய உதடு மாதிரியே இல்லை. ஆச்சரியத்தில் கையைக் கீழே போட்டுவிட்டாள். பஜார் வெளிச்சத்தில் அந்தச் சாம்பல் பல் நன்றாகவே தெரிந்தது.

செந்தூர்பாண்டி நடைபாதையிலேயே குத்தவைத்து உட்கார்ந்தார். இன்றைக்கு நேர்ப்பதில் கிடைக்கிற நாள் என்று ஒரு தைரியம்.

"அப்பா மேல கோவமா தாயி?"

ஹர்ஷினி யோசித்தாள்.

"ஆமா."

"பல்லு வலிச்சுச்சுல்ல?"

"பல்லுக்கு இல்ல" என்றாள், உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ள. "கேக்குல ரோசாப்பூ எனக்குத்தான்னு காலையில இருந்தே சொல்லிக்கிட்டே இருந்தேன்ல? நீங்க அதுமேலயே போயிப் படுத்துட்டீக."